ஆறு மணி விளக்கு

கண்ணு,

நேற்று சாயங்காலம் நீ மாடிப்படியில் உட்கார்ந்து கோமதியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாய். நான் கீழே துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, நீ பேசினால் தெருவுக்கே கேட்கும். "வர்ற ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா. அம்மா விளக்கு முன்னாடி சூடம் அணைச்சு, இனிமே பீரு தொட மாட்டேன்னு ஒரு சத்தியம் பண்ணிட்டுப் போ. அவ்ளோதான், அம்மா மனசு குளுந்துடும்" என்றாய். அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. "இதுல யோசிக்க இன்னா கீது?" என்று நீ இரண்டு தடவை கேட்டது மட்டும் கேட்டது. அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட வந்தாய். ரசம் ஆறிப்போகும் வரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அந்தப் பெண் என்ன யோசிக்கிறாள் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் கையில் என் ரகசியம் ஒன்று இருக்கிறது. அதை ஒரு வார்த்தை சொன்னால் நீ சத்தியம் கேட்பதை அந்த நிமிஷமே விட்டுவிடுவாய். அவள் சொல்ல மாட்டாள். அதனால் நான் சொல்கிறேன்.

நேரில் சொல்ல முடியவில்லை. பாதியில் நான் அழுவேன், நீ எழுந்து போய்விடுவாய். கணக்கு நோட்டின் பின்பக்கத் தாள்களில் எழுதுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முருகன் பாட்டுப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் மற்ற படிப்பெல்லாம் படித்தேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொண்டு படி. படித்த பிறகு வேறு யாருக்குக் காட்டுவதானாலும் காட்டு. இந்த ஒரகடத்தைச் சுற்றி என்னைப் போல இன்னும் நாலு பெண்கள் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கோமதி முதல் தடவை நம் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்றைக்குப் போவோம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து நாலு வருஷமாக ரூமில் தங்கி, கார் பாகம் செய்கிற கம்பெனியில் அளவு சரிபார்க்கிற வேலையில் இருக்கிறாள் என்று நீ சொல்லியிருந்தாய். எனக்குப் பிடித்துப்போனது. எங்கே பார்த்தாலும் அவள் கண் ஒரு தடவை அளந்துவிட்டுத்தான் நகர்ந்தது. கூட்டு நன்றாக இருக்கிறது என்றாள். பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடிவிட்டது என்றும் சொன்னாள், அது உண்மைதான். சாப்பிட்டு முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "அத்தை, ஒண்ணு முன்னாடியே சொல்லிருதேன். பொறவு வேற யாரும் சொல்லித் தெரிஞ்சா உங்களுக்கு மனசு கஷ்டப்படும். மாசத்துல ஒருநா ரூம் பிள்ளைக கூட ஒரு கிளாஸ் பீர் குடிப்பேன். அதுக்கு மேல கெடையாது. ஒளிச்சும் பழக்கமில்ல" என்றாள். உன் அப்பா மின்விசிறியைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்தாய். நான் எழுந்து நின்று என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "குடிக்கிற கை என் விளக்கைத் தொடக் கூடாது. இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது" என்றேன். அவள் எழுந்துகொண்டாள். ஊரிலிருந்து வந்திருக்கிற பிள்ளை என்று நான் முன்னாலேயே சாம்பார் ஊற்றிக் கொடுத்திருந்த தூக்குவாளியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். நீ மறுநாள் துணிமணியோடு படப்பையில் உன் நண்பன் ரூமுக்குப் போய்விட்டாய்.

அதைச் சொன்ன அன்றைக்கு, கண்ணு, நம் வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் என் பிராந்தி பாட்டில் இருந்தது.

இதைப் படித்ததும் நீ என்ன செய்வாய் என்று தெரியாது. தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. ஒரே நாளில் வந்தது இல்லை இது. எனக்கு மாதவிலக்கு நின்ற வருஷம் நினைவிருக்கிறதா? உடம்பு கொதிக்கும், அடுத்த நிமிஷம் வேர்த்துக் குளிரும். படுத்தால் தூக்கம் வராது. ஒரு மழை நாளில் நான் நடுங்குவதைப் பார்த்து, உன் அப்பாதான் மருந்துக்கு என்று ஒரு குவாட்டர் வாங்கி வந்தார். வெந்நீரில் இரண்டு மூடி, கொஞ்சம் மிளகுத்தூள், பனங்கற்கண்டு. அன்றைக்கு நான் தூங்கின தூக்கம் பல மாதமாகத் தூங்காத தூக்கம். அவர் அதை அதோடு மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. அந்தப் பாட்டில் தீர்ந்ததும் அவரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. கீரைக்கார அக்காவிடம் கேட்டேன். "இன்னாம்மா இது, மருந்துக்குத்தானே? மருந்துக்குன்னா வெக்கம் இன்னாத்துக்கு?" என்று முருங்கைக் கீரைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் பாவம், மருந்து என்றே நம்பினாள். தன் பேரை யாரிடமும் சொல்லாதே என்று கேட்டிருக்கிறாள், அதனால் எழுதவில்லை.

உனக்குத் தெரியுமே, இந்தப் பக்கத்து மத்தியானம் எப்படி இருக்கும் என்று. நீ ஒரு ஷிப்டு, அப்பா கம்பெனி பஸ்ஸோடு ஒரு ஷிப்டு. தெருவில் பாதிப்பேர் வேலைக்குப் போயிருப்பார்கள், மீதிப்பேர் வேலை முடிந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். பேச ஆள் கிடையாது. அடுப்பு வேலை பதினொன்றுக்கே முடிந்துவிடும், அப்புறம் சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருப்பேன். இரண்டு மூடி நாலாயிற்று. நாலு ஆறாயிற்று. அதற்குப் பிறகு மூடியை விட்டுவிட்டு டம்ளரில் ஊற்றினேன். தீக்குச்சி முதற்கொண்டு எண்ணி வைக்கிற நான் எண்ணாமல் விட்ட ஒரே பொருள் அதுதான்.

ஆனால் எனக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. சிரிக்காதே. விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் தொட மாட்டேன், தொட்ட கையால் விளக்கு ஏற்ற மாட்டேன். கிருத்திகையும் சஷ்டியும் வந்தால் வாசனைகூடப் பார்க்க மாட்டேன். இப்படி இருக்கிறவள் குடிகாரியா என்று எனக்கு நானே கேட்டு, இல்லை என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் ஆறு மணி வரை காத்திருக்க முடியவில்லை. ஐந்தரைக்கு விளக்கை ஏற்றினேன். மழைக்காலம், சீக்கிரம் இருட்டிவிடுகிறது என்று சொல்லிக்கொண்டேன். பிறகு நாலரைக்கு. பிரதோஷ வேளையே நாலரைக்குத்தானே தொடங்குகிறது, அப்போது ஏற்றினால் விசேஷம் என்று எனக்கு நானே சாஸ்திரம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூன்று மணிக்கு. துர்க்கைக்கு ராகுகால விளக்கு என்று மூன்றுக்கே ஏற்ற ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் எல்லாக் கிழமையும் எனக்குச் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை ராகுகாலம் காலை பத்தரைக்கு வரும். அதுவரை நான் போகவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் போயிருப்பேன். பக்கத்து வீட்டம்மா ஒரு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "உங்க வூட்ல எப்பவும் விளக்கு எரிஞ்சிக்கினே கீது, நல்ல சம்சாரிம்மா நீ" என்றாள். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, அதைத்தான் இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

நீ படப்பைக்குப் போய் மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, கோமதி தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். காலை ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ் கூட்ரோட்டில் இறக்கிவிட, நேராக இங்கே நடந்து வந்திருந்தாள். மணி மூன்றரை இருக்கும். வாசலில் நின்றபடியே தூக்குவாளியை நீட்டினாள். கழுவித் துடைத்து, வெறுமையாகக் கொடுக்கக் கூடாதென்று அதில் கொஞ்சம் கருப்பட்டி போட்டிருந்தாள். நான் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். வாயைத் திறக்காததற்குக் காரணம் கோபம் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பூஜை அலமாரியைப் பார்த்தாள். வெளியே கொளுத்துகிற வெயிலைப் பார்த்தாள். "விளக்கு இப்பமே ஏத்தியாச்சா அத்தை?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். "ஏத்துனா உனக்கு இன்னா?" என்றேன். சொன்ன பிறகுதான் வாயைத் திறந்துவிட்டேன் என்று தெரிந்தது. வாடை தெரியாமல் இருக்க ஏலக்காய் மென்றிருந்தேன். அளவு பார்க்கிற பெண்ணிடம் ஏலக்காய் எம்மாத்திரம்.

அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சமையலறை வாசல்படியில் உட்கார்ந்தாள். "எத்தனை நாளா அத்தை?" என்றாள். நான் கத்தினேன். என்னென்னமோ சொன்னேன். யார் வீட்டில் வந்து யாரைக் கேட்கிறாய், நான் விரதம் இருக்கிறவள், இது மருந்து, உன்னைப் போல் கூத்தடிக்க இல்லை என்றெல்லாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நானும் தூங்கத்தான் ஆரம்பிச்சேன்" என்றாள்.

அதற்கப்புறம் அவள் சொன்னதை உனக்குச் சொல்ல அவளிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். ஊரை விட்டு வந்த முதல் வருஷம், ஓடி ஓடி ஓவர்டைம் பார்த்து, உடம்பு அலுத்தும் தூக்கம் வராமல், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ரூம் பிள்ளைகளோடு குடித்திருக்கிறாள். பிறகு புதன்கிழமையும் சேர்ந்திருக்கிறது. பிறகு மற்ற பிள்ளைகள் வராவிட்டாலும் தனியாக. "ஒருநா மொட்டை மாடில உக்காந்திருந்தேன் அத்தை. காலைல முழிச்சா ரூம்ல கெடக்கேன். அந்தக் கைப்பிடியில்லாத படில எப்படி எறங்குனேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. யாரும் எறக்கி விடவும் இல்ல. அன்னைக்கு ஷிப்டுக்குப் போகல. நாள் பூரா அந்தப் படியையே பாத்துட்டு இருந்தேன்" என்றாள். அதிலிருந்து பல மாதம் தொடவே இல்லையாம். "அப்ப எதுக்கு மறுபடியும்?" என்று கேட்டேன். அதட்டலாகக் கேட்க நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை. "புடிக்கும் அத்தை. அந்தக் கசப்பும் புடிக்கும், பிள்ளைக சிரிக்கதும் புடிக்கும். ஆனா எடுக்கதுக்கு முன்னாடி எதுக்குன்னு என்னையே கேப்பேன். தூக்கம் வரலைன்னோ, அம்மா நெனப்பு வந்துட்டுன்னோ, சூப்பர்வைசர் திட்டிட்டான்னோ பதில் வந்தா, அன்னைக்குக் கெடையாது. அம்மாக்குப் போன் போட்டு அழுதுருவேன். சும்மா சந்தோசமா இருக்கேன்னு பதில் வந்தாத்தான் அந்த ஒரு கிளாஸ்" என்றாள். எழுந்து போகும்போது, "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க நெனைக்கவும் வேண்டாம், சொல்லாம இருக்கதுக்குக் கல்யாணத்தைக் கேப்பேன்னு. அது வேற, இது வேற" என்றாள். கருப்பட்டியை மட்டும் எறும்பு வராத இடத்தில் வைக்கச் சொன்னாள்.

அவள் போன பிறகு அவளைப் பொய்யாக்க வேண்டும் என்று கணக்கு நோட்டை எடுத்தேன். என்ன அவ்வளவு குடித்துவிட்டேன், பார்த்துவிடலாம் என்று. பிராந்தி என்று நான் எங்கேயும் எழுதவில்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நல்லெண்ணெய் எழுதியிருந்தேன். நம் விளக்குக்கு மாதம் அரை லிட்டர் ஆகும். என் கையெழுத்திலேயே அது முக்கால் ஆகி, ஒன்றாகி, ஒன்றேகால் ஆகியிருந்தது. ஆறு மணிக்கு ஏற்ற வேண்டிய விளக்கு மூன்று மணியிலிருந்து எரிந்தால் எண்ணெய் அவ்வளவுதான் ஆகும். சாமியை முன்னால் நிறுத்தி அவருக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, திரி கருகி அணைந்துவிட்டது.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அந்த டாக்டரம்மா என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். எவ்வளவு, எத்தனை மணிக்கு, கை நடுங்குகிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டார். மருந்து மாதிரிதானே என்றேன். "மருந்துன்னு நெனச்சுக் குடிக்கிறவங்கதான்மா ரொம்ப லேட்டா வர்றாங்க. ஆசைக்குக் குடிக்கிறவங்களுக்காவது, நாம குடிக்கிறோம்னு தெரியும்" என்றார். நான் போடுகிற பிரஷர் மாத்திரையோடு ஒரு மூடிகூடக் கூடாது என்றார். ஒரேயடியாக நிறுத்தாமல் தான் சொல்கிறபடி குறைத்து நிறுத்தச் சொன்னார், கை நடுங்கினால் உடனே வரச் சொன்னார். உடம்பு கொதிப்பதற்கும் தூக்கத்துக்கும் தனியாக வைத்தியம் இருக்கிறதாம். இத்தனை வருஷமாக அதை யாரிடமும் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

உன் அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நீ குழந்தையாக இருந்தபோது அவர் குடித்துக்கொண்டிருந்தார், நான் விடவில்லை. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், மொட்டை போட வைத்து, சந்நிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கினேன். அதை இருபது வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள் அவர் முன்னால் அரிசிப் பானையை நகர்த்திப் பாட்டிலை எடுத்து வைத்தேன். பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு மொட்டை போட்டியே, உனக்கு இன்னாடி பண்றது?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்புறம் அவரே சொன்னார், அந்த மொட்டைக்குப் பிறகு இரண்டு தடவை குடித்திருக்கிறாராம், சத்தியம் பண்ணிவிட்ட பயத்தில் என்னிடம் சொல்லவே இல்லையாம். "சத்தியம் பண்ணதால நின்னுதுன்னு நீ நெனச்சிக்கினு இருந்தே. ஒளிக்க முடியாம ஒரு நாள் சேகரு அண்ணன்கிட்ட போய் அழுதேன், அதுக்கப்புறம்தான் நின்னுது" என்றார். சேகர் அண்ணன் அவரோடு பஸ் ஓட்டியவர். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாது.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை சறுக்கினேன், இரண்டையும் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டேன். தினமும் ஐந்து மணிக்கு பஸ்ஸை நிறுத்திவிட்டுப் போன் பண்ணுவார். "இன்னா பண்றே?" என்பார். கீரை ஆய்கிறேன் என்பேன். "நெஜமா கீரைதானா, அடியில எதுனா கீதா?" என்பார். உன் அப்பா இவ்வளவு கேலி பேசுவார் என்று நான் மறந்தே போயிருந்தேன். தூக்கம் பரவாயில்லை. எண்ணெய் அரை லிட்டருக்கு வந்துவிட்டது. நெஞ்சில் எப்போதும் இருந்த ஒரு கனம், யாராவது பானையை நகர்த்திவிடுவார்களோ என்ற கனம், அது போய்விட்டது. அது இல்லாமல் நடப்பதற்கே கொஞ்ச நாள் பழக வேண்டியிருந்தது.

ஆகையால், நீ படப்பையில் மூன்று வாரம் இருந்ததால் நான் இறங்கி வந்தேன் என்று உன் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாயே, அது இல்லை காரணம். ஜாதகம் பொருந்தியதும் இல்லை. கோமதியின் ரூமுக்கு நானே ஷேர் ஆட்டோவில் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "அத்தை, மொதல்ல உக்காருங்க, வேர்த்துக் கொட்டுது" என்று விசிறியை என் பக்கம் திருப்பினாள். என் பிள்ளையைக் கட்டிக்கொள்கிறாயா என்று நான்தான் கேட்டேன்.

இன்னொன்றும் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பளம் வந்த வாரம் நீ நண்பர்களோடு குடித்துவிட்டு வருவது எனக்கு எப்போதோ தெரியும். சட்டையைத் துவைப்பவள் நான்தானே. உன்னை ஒரு நாளும் கேட்டதில்லை. ஆம்பிளைப் பிள்ளை, தானே சரியாகும் என்று தண்ணீர்ச் சொம்பைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவேன். ஒரு கிளாஸ் என்று தானாக வந்து சொன்னவளை வாசலோடு அனுப்பினேன், எத்தனை என்றே சொல்லாத உனக்குத் தலைமாட்டில் தண்ணீர் வைத்தேன். இது என் தப்பு. உன் தப்பு என்னவென்றால், நீயும் அதையே செய்கிறாய். அவளைச் சத்தியம் பண்ணச் சொல்கிறாயே, நீ பண்ணுகிறேன் என்று சொன்னாயா? அவள் என்றைக்காவது முழுக்க விட்டுவிடலாம், அல்லது மாதத்தில் ஒரு கிளாஸோடு இருக்கலாம். அது அவள் தன்னையே கேட்டு முடிவு செய்கிற விஷயம். பயத்தில் பண்ணுகிற சத்தியம் அவளையும் அரிசிப் பானைக்குப் பின்னால் அனுப்பிவிடும். அவள் கிளாஸை நீ எண்ணிக்கொண்டு நிற்காதே. வேண்டுமானால் எதுக்கு என்று அவள் தன்னையே கேட்கிற அந்த ஒரு கேள்வியை அடுத்த சம்பள வாரத்தில் நீயும் கேட்டுப் பார். பதில் என்ன வந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம், அவளிடம் சொல்.

ஞாயிற்றுக்கிழமை அவளை வரச் சொல். சூடம் எதுவும் வாங்கி வராதே. வெறுமே சாப்பிட வரட்டும், பெருங்காயத்தைக் குறைத்துப் போடுகிறேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளையும் பெண்ணும் மதியமே வீட்டுக்குள் வந்துவிடுவீர்கள். வந்ததும் பெண் விளக்கேற்ற வேண்டும் என்று உன் அத்தைமார் எல்லோரும் அவசரப்படுத்துவார்கள். நான் பேசிக்கொள்கிறேன், நீ அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடு. சாயங்காலம் அந்தத் தீப்பெட்டியை என் கையாலேயே அவளிடம் கொடுக்க வேண்டும். அந்த விளக்கைப் பற்றி இந்த வீட்டில் நான் சொன்ன வார்த்தையை எல்லோரும் பார்க்க நான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை மணிக்கு ஏற்றணும் அத்தை என்று போன வாரம் கேட்டாள். ஆறு மணிக்கு, அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம். நீ என்ன சிரிப்பு என்று கேட்டாய், ஒன்றுமில்லை என்றோம். இதுதான் அது.

இப்போது மணி ஐந்தேமுக்கால். எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வைத்துவிட்டேன். இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா